மூணுகல் தோட்டம் விற்பனைக்கு இல்லை

போன புதன்கிழமை மூன்று மணிக்கு செல்வராணி என் கடைக்குள் ஓடி வந்தாள்.

புளத்கொகுபிட்டிய பஜாரில் எனக்கு ஒரு கொமியூனிகேஷன் கடை இருப்பது இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரியும். போட்டோகொப்பி, ரீலோட், சிங்களத்தில் மனு டைப் அடித்துக் கொடுப்பது... இதுதான் பிழைப்பு. செல்வராணி மூணுகல் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள்.

"அக்கா, அவசரமா ஒரு பெட்டிசன் அடிக்கணும். பிரதேச செயலாளருக்கு."

"என்னான்னு?"

"எங்க தோட்டத்த விக்கிறாங்க. லயத்தோட சேத்து! இன்டர்நெட்டுலயே போட்டுட்டாங்க."

போனை நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன்.

மேலே பெரிய ஆங்கில எழுத்தில் மூணுகல் தோட்டம். நடுவில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களும் கோயிலும் ரப்பர் மரங்களும் தெரிகிற படம். கீழே விலை – இரண்டாயிரத்து ஐந்நூறு அமெரிக்க டொலர். பக்கத்தில் 'இப்போதே வாங்குங்கள்' என்று ஒரு பச்சைப் பட்டன்.

அந்தப் பக்கத்தைப் போட்டவள் நான்தான்.

என்ன செய்வது, ஆசை! இணையத்தில் ஒரு முகவரிப் பெயரை யார் முதலில் பதிகிறாரோ, வருஷா வருஷம் பணம் கட்டும்வரை அது அவருக்குத்தான். டொமைன் என்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு டொலருக்கு வாங்கி வைத்துக்கொண்டு, அந்தப் பெயர் தேவைப்படுகிறவன் வரும்போது ஆயிரக்கணக்கில் விலை சொல்லலாம் என்று யூடியூபில் ஒருவன் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு சொன்னான். அவன் வாயில் மண் விழ. நான் ஐந்து பெயர்கள் வாங்கினேன்.

என்ன பெயர்கள்? இங்கேதான் என் மூளை வேலை செய்த அழகைப் பார்க்க வேண்டும். நம் தோட்டங்களுக்கெல்லாம் இரண்டு பெயர் உண்டு இல்லையா? போர்டில் இருப்பது எவனோ ஒரு வெள்ளைக்காரன் வைத்தது. ஜனங்கள் வாயில் இருப்பது வேறு. நான் ஜனங்கள் சொல்லும் பெயர்களைப் பதிந்தேன். தோட்டத்தை நடத்துகிற கம்பனிக்காரர்கள் ஓடி வந்து வாங்குவார்கள் என்று நினைப்பு.

கம்பனிக்கு ஈமெயில் போட்டேன். மூணுகல் என்ற பெயரில் தங்களுக்குத் தோட்டமே கிடையாது என்று பதில் வந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே பால் வெட்டுகிற சனம் தோட்டத்தை எப்படிக் கூப்பிடுகிறது என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது! ஆத்திரத்தில் பெயரைப் பொதுவில் விற்பனைக்குப் போட்டேன். வெறும் பெயர் மட்டும் இருந்தால் பார்க்க மொட்டையாக இருக்கிறதே என்று, திருவிழாவுக்குப் போனபோது எடுத்த படத்தையும் சேர்த்தேன்.

முட்டாள்! வேறென்ன சொல்ல?

எதிரில் செல்வராணி நிற்கிறாள். லயத்துக்குப் பின்னால் பத்தடியில் ஒரு அறை கட்டிக்கொண்டிருந்தாள், பரீட்சைக்குப் படிக்கிற மகளுக்காக. சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. காலையில் இந்தப் படத்தைப் பார்த்ததும் சுவர் கட்ட வந்த மேசன் பாஸைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். "வித்த எடத்துல என்னத்துக்குக்கா செவுரு?" என்றாள். நாளைக் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு யாரும் போவதில்லை என்று தோட்டத்துச் சங்கத் தலைவர் முத்தையா சொல்லிவிட்டாராம். எல்லோரும் ரோட்டில் உட்காரப் போகிறார்களாம்.

நான் உண்மையைச் சொன்னேனா? இல்லை. கோழை மாதிரி கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் அந்தப் பக்கத்தை அழித்தேன். தொலைந்தது சனி என்று நினைத்தேன்.

பத்து நிமிடம் போயிருக்காது. அவள் போன் அடித்தது.

"என்னாது? இல்லையா? ஐயோ..." அவள் போனை இறக்கினாள். "அக்கா, அந்தப் பக்கத்தக் காணோமாம். வித்து முடிஞ்சிருச்சாம்!"

இதற்கு மேல் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

"செல்வராணி, அதைப் போட்டது நான்."

அவள் போனைப் பைக்குள் போட்டாள். பிறகு கேட்டாள்: "எங்க தோட்டத்த உங்களுக்கு யாருக்கா குடுத்தா?"

கடையைப் பூட்டினேன். த்ரீவீலர் பிடித்து இருவரும் ஏறினோம். அவள் சீட்டின் மறு ஓரத்துக்குத் தள்ளி உட்கார்ந்தாள்.

பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் தோட்டமே கூடியிருந்தது. வேலைக்குப் போன தாய்மார் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றார்கள். நான் நடுவில் போய் நின்று சொன்னேன். எப்படிச் சொல்வது? டொமைன் என்றால் யாருக்கு விளங்கும்?

"பஸ்ஸுக்கு முன்னால ஊர் பேரு எழுதின போர்டு இருக்குல்ல? நான் அந்த போர்ட மட்டுந்தான் எழுதி வச்சிருந்தேன். பஸ் எங்கிட்ட இல்ல. பஸ்ஸ யாரும் விக்கல."

பின்னாலிருந்து ஒரு கிழவர் சத்தமாகக் கேட்டார்: "அப்ப எங்க பஸ்ஸுக்கு நீ எதுக்கும்மா போர்டு எழுதின?"

நான் அவர் பக்கம் திரும்பி நின்றேன்.

"விக்கலாம்னுதான் எழுதினேன்," என்றேன். "தப்பு என்னோடதுதான். திட்டுறதுன்னா திட்டுங்க."

திட்டினார்கள். எனக்கும் வாய் நீளம் என்று வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குக் கேட்ட சில வார்த்தைகள் எனக்கே புதுசு. கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

கொஞ்சம் அடங்கியதும் முத்தையா கேட்டார்: "ரெண்டாயிரத்து ஐநூறு டொலருன்னா நம்ம காசுல எவ்வளவு?"

"ஏழரை லட்சம் வரும் தலைவரே," என்றது ஒரு குரல்.

"ஏழரை லட்சமா? லயம், கோயில், இத்தன பேரு... எல்லாம் சேத்து?" அவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ வந்தியே அந்த த்ரீவீலரக் கூட அந்தக் காசுக்கு வாங்க ஏலாதே! கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கக் கூடாதா?"

யாரோ ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். பயத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு அது. அழுகைக்கும் அதற்கும் வித்தியாசம் அதிகமில்லை.

"ஹரி, ஹரி, சரிதான்," என்றார் முத்தையா. "காலையில எல்லாரும் பெரட்டுக்குப் போங்க. ஒரு நாள் சம்பளம் போயிரும்."

செல்வராணி ஒதுங்கிப் போய் போனைக் காதில் வைத்தாள். "பாஸ் உன்னஹே, ஹெட்ட என்ன" – மேசனை மறுநாள் வரச் சொன்னாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. மலையிலிருந்து நடந்தே இறங்கினேன். நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி. காலில் அட்டை கடித்ததுகூடத் தெரியவில்லை.

இதில் யாரைத் திட்டுவது? என்னைத் திட்டிக்கொண்டாயிற்று. ஆனால் ஒன்று கேட்கிறேன். கொழும்பில் ஒருவன் வீட்டுப் படத்தை விலை போட்டு இணையத்தில் விட்டால் அவன் பயப்படுவானா? அலமாரியைத் திறந்து உறுதிப் பத்திரத்தை எடுத்துக் காட்டிவிட்டுப் போய்த் தூங்குவான். இங்கே லயமும் நிலமும் கம்பனி கையில்; யாரிடம் அலமாரியில் என்ன உறுதி இருக்கிறது? ஒரு பச்சைப் பட்டனுக்கு ஒரு தோட்டமே நடுங்குகிறது என்றால், கோளாறு பட்டனில் மட்டுமா?

சனிக்கிழமை செல்வராணி மறுபடி வந்தாள். கோபம் தணிந்திருந்தது. சுவர் ஜன்னலுக்கு மேலே வந்துவிட்டதாம்.

"அக்கா, அந்தப் பேர இனி நீங்க வச்சிருக்க வேணாம். எங்ககிட்டயே குடுத்துருங்க. தலைவரும் அதான் சொல்லச் சொன்னாரு."

"யாரு பேர்ல மாத்துறது?"

"எம் பேர்லயே போடுங்க. நாந்தானே வந்திருக்கேன்."

படிவத்தைத் திறந்தேன். உரிமையாளர் பெயர் – செல்வராணி. அடுத்த கட்டம் விலாசம். வீட்டு இலக்கம் கேட்டது.

"லயத்துக்கு ஏதுக்கா நம்பரு? கடுதாசி எல்லாம் ஆபீசுக்குத்தானே வரும்."

தோட்ட ஆபீஸ் என்று அடித்தேன். கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. இணையத்தில் இப்போது மூணுகல் தோட்டம் முழுவதும் செல்வராணிக்குச் சொந்தம். அவள் காசில் எழும்புகிற அந்தப் பத்தடி அறைதான் இன்னும் கம்பனிக்குச் சொந்தம்.