ஆறாம் ஸ்டேஷன் லீலா எழுதிய எட்டு வரி

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் நான் தரப் பிரிவு இன்ஜினியர். பெயர் தமிழ்வாணன். நன்றாக எழுதுவேன் என்று ஒரு கர்வம் எனக்கு இருந்தது. அதற்கு வேட்டு வைத்தவர் லீலா.

லீலா வல்லக்கோட்டைக்காரர். ப்ளஸ் டூ முடித்து, ஒன்பது வருஷமாக, பன்னிரண்டு ஸ்டேஷன் உள்ள எங்கள் லைனில் ஆறாம் ஸ்டேஷனில் நிற்கிறார். ஒயர் முனையைக் கனெக்டருக்குள் செருகும் இடம் அது. வாய் ஓயாமல் பேசுவார், கை பாட்டுக்கு வேலை செய்யும். அவர் செருகியது ஒன்றுகூடக் கழன்றதில்லை.

மூன்று மாதம் முன்பு வேலை கூடி, ஆறாம் ஸ்டேஷனுக்குப் புதிதாக மூன்று பெண்கள் வந்தார்கள். மூன்றே வாரத்தில், ஒயர் கழன்ற கனெக்டர்கள் எங்களிடம் வாங்கும் கார் கம்பெனியிலிருந்து இரண்டு முறை திரும்பி வந்தன. அடுத்த மாதம் இன்னொன்று வந்தால் ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆர்டர் போனால் லைனே போகும். அதில் நிற்கும் பதினைந்து பெண்களுக்கும் வேலை போகும்.

எப்படிச் செருக வேண்டும் என்று நான் ஏசி அறையில் உட்கார்ந்து ஒரு பக்கம் நிறைய எழுதினேன். 'இணைப்பு முழுமை பெற்றமைக்கான டக் ஒலி செவிக்குப் புலனாகும் வரை அழுத்துதல் வேண்டும்.' அதில் நானே ரசித்த வரி இது. மேசையில் வைத்து ஒன்றை அழுத்தியும் பார்த்தேன், அழகாகக் கேட்டது. தாளைக் கொண்டுபோய் ஆறாம் ஸ்டேஷனில் ஒட்டினேன்.

லீலா படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சூப்பரா எழுதிகீறீங்க சார். ஆனா பக்கத்துல பிரஸ் மிஷின் ஓடுது. காதுல இயர் பிளக் போடலைன்னா சேஃப்டிக்காரரு மெமோ குடுப்பாரு. போட்டுகினா டக்கு எப்டி சார் கேக்கும்?"

லைன் மொத்தமும் சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அப்போ நீங்களே எழுதுங்க."

"எழுதறேன், இன்னா இப்போ?"

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து எழுதினார். அதைப் புதுப் பெண் இசக்கிசெல்வியிடம் கொடுத்து, அதில் இருப்பதை மட்டும் செய்யச் சொன்னார். அவள் தூத்துக்குடிப் பக்கம், அந்த மூவருக்கும் பிறகு முந்தின நாள்தான் ஸ்டேஷனுக்கு வந்தவள். செருகிய பத்தில் நாலு கழன்றன.

"எப்பவும் போலத் தள்ளணும்னு போட்டுருக்கீய. நேத்து வந்தவளுக்கு 'எப்பவும்'னு ஒண்ணு ஏது அக்கா?" என்றாள் அவள்.

எனக்கு வயிறு குளிர்ந்தது என்பதை மறைப்பானேன். லீலாவோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஐயே, அது என் கைக்குத் தெரியும். உன் கைக்கு எப்டித் தெரியும்? குடு இங்க."

மறுபடி நின்று செருகினார். செருகும்போது தன் கை என்ன செய்கிறது என்று தானே உற்றுப் பார்த்தார். எழுதினார், அடித்தார், இசக்கிசெல்வியைச் செய்யச் சொன்னார், மறுபடி அடித்தார். மூன்று நாள் இப்படிப் போய், எட்டு வரி மிஞ்சியது. நடுவில் இருந்த நாலு வரி இவை:

'ஒயரை நேராகத் தள்ளு. கட்டைவிரலில் ஒரு சின்ன இடி தெரியும். தெரிந்ததும் ஒயரை ஒரு தடவை பின்னால் இழு. கையோடு வந்தால் சரியாக உட்காரவில்லை, மறுபடி செருகு.'

இசக்கிசெல்வி செருகிய பத்தும் நின்றன. என் தாளை நானே கிழித்தேன்.

அடுத்த மாதம் முழுக்க ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஆர்டர் நமக்கேதான் என்று மெயில் வந்த அன்று பெண்கள் கேன்டீனில் கேசரி கிண்டச் சொல்லிக் கும்மாளம் போட்டார்கள். எனக்கு இரண்டு கப் கிடைத்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

மேனேஜர் ஜீவானந்தம் அங்கேயே வந்து லீலாவிடம் கை குலுக்கினார்.

"பன்னெண்டு ஸ்டேஷனுக்கும் நீங்களே எழுதிடுங்கம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

"முடியாது சார்," என்றார் லீலா. "மத்த பதினொண்ணுல நான் ஒரு நாளும் நின்னதில்ல. ஒவ்வொண்ணுலயும் ஒரு வாரம் நிக்க வைங்க, அப்பால எழுதறேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்த ஆறாவதோடு மற்றப் பதினொன்றுக்கும் ஒரே மத்தியானத்தில் தாள் எழுதிக் கொடுத்தவன் நான்.

"திங்கட்கிழமை ஒண்ணாம் ஸ்டேஷன்ல அவங்களோட நானும் நிக்கறேன் சார்," என்றேன்.