குழாயில சுத்தின போர்வை

இண்டைக்கு நான் சந்திச்சது பென்ஜமின் அண்ணையை. ஜேர்மனியில, கெல்சென்கிர்ச்சனுக்கு வெளியில ஒரு காம்பிங் இடத்தில, வோன்வாகன் எண்டுற பழைய வீட்டு வண்டிலுக்குக் கீழ படுத்துக்கிடந்து தண்ணிக் குழாய்க்குப் போர்வை சுத்திக்கொண்டிருந்தார். கேட்டது மனசை விட்டுப் போகேல்லை, வந்த கையோட எழுதுறன்.

மன்னார் ஆள். பார்சல் கொம்பனியில வேலை. மனுசி பற்றிமாவோட பிரிஞ்சு ஒண்டரை வருசம். வீடு தேடித் தேடிக் களைச்சு, இப்ப அந்த வண்டிலுக்குள்ளதான் சீவியம். மகள் பிறின்சிக்கு ஒன்பது வயசு. சனிக்கிழமை பகல்ல மட்டும் காணலாம். பிள்ளை இரவு தங்கிறதெண்டால் யூகண்ட்அம்ட், அதான் பிள்ளையளின்ர நலன் பாக்கிற அரசாங்கக் கந்தோர், அங்கயிருந்து ஆள் வந்து இடத்தைப் பாத்து ஓம் சொல்லவேணும். அவை வாறதுக்குக் குடுத்த டெர்மின் போன செவ்வாய் காலமை ஒன்பது மணிக்கு.

சூட்டுக்கு காஸ் ஹீட்டர் இருக்கு. கட்டிலும் தானே அடிச்சுப் போட்டார், ஊதாப் பூ விரிப்போட. தண்ணிதான் பேய்க்காட்டிக்கொண்டிருந்தது, குளிர் கூடினால் குழாய் உறைஞ்சுபோம். ஹீட்டர் பூட்டுற வேலை செய்யிற சிநேகிதன் சில்வெஸ்டர் வந்து பாத்தார்.

"மச்சான், குழாயில சூட்டு வயரைச் சுத்து. அதுக்கு மேல போர்வை, அதுக்கு மேல பொலித்தீன். உள்ளுக்கு சிங்குக்குக் கீழ அலுமாரிக் கதவைத் திறந்தே விடு, சூடு போகட்டும்."

"பாக்க அரியண்டமா இருக்குமடா."

"ஏன், குழாய்க்குக் கலியாணம் பேசப்போறியோ?"

சொன்னபடியே சுத்தினார். மூண்டு கிழமை மைனஸ் ஏழு, எட்டு. தண்ணி ஒருநாளும் நிக்கேல்லை.

திங்கள் பின்னேரம் வேலையால வந்தவர், வெளியில நிண்டு தன்ர வண்டிலை ஆரோ பிறத்தியார் மாதிரிப் பாத்தார். கிழிஞ்ச போர்வை. காத்தில அடிக்கிற பொலித்தீன். படிக்குக் குறுக்கால வயர். நாளைக்கு வாற கந்தோர் மனுசி பிச்சைக்காரன் வீடெண்டு நினைக்கப்போறா, பிள்ளை வயரில தடக்கி விழுமெண்டு எழுதப்போறா. ஒரு இரவுதானே. எல்லாத்தையும் கழட்டினார். அலுமாரிக் கதவையும் வடிவா மூடினார். கூட்டித் துடைச்சு, மேரி மாதா படத்துக்கு முன்னால பூவும் வைச்சார்.

அண்டைக்கு மைனஸ் பதினொண்டு.

விடிய ஆறு மணிக்குப் பைப்பைத் திறந்தார். ஒரு இருமல். பிறகு அதுவுமில்லை. காம்பிங் குளியலறையில இருந்து சுடுதண்ணி அள்ளிக்கொண்டு ஓடி ஓடி ஊத்தினார். ஒன்பதுக்குக் கதவு தட்டுப்பட்டுது.

வந்த மனுசி நல்லவ. கட்டிலைத் தடவிப்பாத்துச் சிரிச்சா. பிறகு போய்ப் பைப்பைத் திறந்தா.

"தண்ணி எப்பவும் இப்பிடியோ?"

நீங்கள் வாறீங்களெண்டுதான் நான் கழட்டினனான். அதை எப்பிடி டொச்சுப் பாசையில சொல்லுறது? வாய் திறந்தார், "என்ட்ஷுல்டிகுங்", மன்னிக்கவேணும் எண்டது மட்டும்தான் வந்தது. அவ எழுதினா. ஏப்ரலில திரும்பப் பாப்பமாம். அதுவரைக்கும் இரவு தங்க ஏலாது.

சில்வெஸ்டருக்கு ஃபோன் அடிச்சுச் சொன்னார். "விசரா! அந்த மனுசி வந்தது வடிவு பாக்கவோ, தண்ணி பாக்கவோ?" எண்டு சில்வெஸ்டர் கத்தினார்.

ஒண்டரைக்கு வெய்யில் பட்டுது. திறந்தபடி கிடந்த பைப் இருமி இருமி ஓடத் துவங்கிச்சு. பென்ஜமின் அண்ணை எழும்பி மூடேல்லை. பாத்துக்கொண்டே இருந்தார்.

பள்ளிக்கூடம் விட்டு பிறின்சி ஃபோன் எடுத்தவள். "அப்பா, சனிக்கிழமை என்ர தலையணையைக் கொண்டுவரட்டோ?"

"இப்ப வேண்டாமம்மா."

"கட்டில் உடைஞ்சுபோச்சோ?"

"இல்லை. தண்ணி உறைஞ்சுபோச்சு."

"நான் தண்ணி குடிக்காம இருப்பன் அப்பா."

இதைச் சொல்லேக்க பென்ஜமின் அண்ணை என்னைப் பாக்கேல்லை, போர்வையைத்தான் இறுக்கினார்.

கெல்சென்கிர்ச்சன் பக்கம் ஆருக்கும் ஒரு அறை, ஒரு சின்ன வீடு தெரிஞ்சால் சொல்லுங்கோ, ஏப்ரலுக்கு முதல். தெரியாட்டியும் இதைப் பகிருங்கோ, ஆரும் ஒருத்தர் கண்ணில படும். ஞாயிற்றுக்கிழமையில அவர் தனியத்தான். ஒருக்காப் போய்ப் பாருங்கோ, கேத்தில் வைச்சுத் தேத்தண்ணி தருவார். வயரில மட்டும் தடக்குப்படாதேங்கோ, அது இனிக் கழலாது.