மோட்டார் ஓடினால் பாடம் நின்றுவிடும் பள்ளி

போன ஜூன் மாதம், குறுவை நடவு நேரம். என்னோடு படித்த செல்வி, வலங்கைமான் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியை. "ஸ்மார்ட் போர்டு அடிக்கடி அணைஞ்சிடுதுடா, வெள்ளிக்கிழமை காலையிலயே வந்துடு" என்று போனில் கெஞ்சினாள். இருப்பதே பதினோரு பிள்ளைகள். அதில் ஐந்தாம் வகுப்பு யாழினியைத் திரையில் பாடம் நடத்தும் தனியார் பள்ளிக்கு மாற்ற, அவள் அப்பா முருகையன் அன்றைக்கு டி.சி. வாங்க வருகிறாராம். ஒரு பிள்ளை குறைந்தாலும் பள்ளியையே மூடிவிடுவார்களோ என்று செல்விக்குப் பயம். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் பிழைப்பு, ஊர் சுற்றுவது என் வியாதி. கிளம்பிவிட்டேன்.

தஞ்சாவூரில் காலை 6.40 பஸ். பாபநாசம் வழியாகக் கும்பகோணம் 40 கி.மீ., ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து வலங்கைமான் 10 கி.மீ. பிறகு 4 கி.மீ. ஆட்டோ, நூறு ரூபாய்.

"அந்த ஸ்கூலா? இன்னும் இருக்கா சார்?" என்றார் டிரைவர். எனக்குச் சுருக்கென்றது.

போர்டைக் கழற்றிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. பத்து மணிக்கு முருகையன் சேற்றுக் காலோடு வந்தார். அவர் பார்க்கட்டும் என்று செல்வி யாழினியைப் பின்னக் கணக்குப் போடச் சொன்னாள். ஃபேன் தளர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது; போர்டைப் போட்டதும் திரை வந்து உடனே அணைந்தது.

"இதுக்குத்தாங்க டீச்சர் சொல்றேன். டி.சி.யக் குடுத்துடுங்க" என்றார் முருகையன்.

பிளக்கில் மீட்டர் வைத்தேன். 230 இருக்க வேண்டிய இடத்தில் 150 வோல்ட்தான். வெளியே பம்புசெட் இரைச்சல். "யார் மோட்டார் ஓடுது?" என்று கேட்டேன்.

"எங்களுதுதான் சார். வாய்க்கால்ல தண்ணி வரல, அப்பாதான் போட்டுட்டு வந்தாங்க" என்றாள் யாழினி.

முருகையன் விடுவிடுவென்று வெளியே போனார். இரைச்சல் நின்றது, திரை வந்தது. திரும்பி வந்தவர், மகள் திரையில் ஒரு வட்டத்தை விரலால் எட்டாக வெட்டுவதை வாசலில் நின்று பார்த்தார். பிறகு, "தண்ணி இல்லாம நடவு நிக்குமே டீச்சர்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பயிரையும் பிள்ளையையும் ஒரே மின்கம்பியில் கட்டிவைத்தவர் அவரில்லையே.

"ஒரு மணி நேரம் மட்டும் நிறுத்துங்க, போதும்" என்றாள் செல்வி. எழுதிவைத்த டி.சி. மேசையிலேயே கிடந்தது.

இப்படிக் கிராமப் பள்ளிகளுக்கு உதவப் போகிறவர்கள் என்ன தேவை என்று தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சாக்லேட் வேண்டாம், நாலு பேர் சேர்ந்து ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போங்கள். திரும்ப ஆட்டோ கிடைக்காது, டிரைவரின் நம்பரை வாங்கி வையுங்கள்.

மூன்று மணிக்குக் கிளம்பி, முருகையனின் மோட்டார் கொட்டகையைக் கடந்தேன். கதவில் சாக்பீஸால் குண்டு குண்டாக எழுதியிருந்தது: "10 முதல் 11 வரை கணக்கு. அப்பா, மோட்டார் போடாதீங்க."