அண்ணனின் பத்தியமும் என் வெண்பொங்கலும்

அண்ணனின் முதலாம் ஆண்டுப் படையலுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். அவர் நல்லவர் என்பது ஊருக்கே தெரியும். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது சின்ன காஞ்சிபுரத்தில். அப்பா காலமானபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. அன்று தறிக்குழியில் கால் வைத்தவர், என்னைப் படிக்கவைத்து, பெரிய காஞ்சிபுரத்தில் கட்டிக்கொடுத்த பிறகே தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். அமாவாசையன்று நம் தெருக்களில் தறி ஓடாது. வீட்டில் படையலை முடித்துவிட்டு, சாயங்காலம் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்துவிடுவார். நெய் மிதக்கும் வெண்பொங்கலும் வடையும் தயாராக இருக்கும். மாதத்தில் அந்த ஒரு வேளை அண்ணன் எனக்கே சொந்தம்.

ஒருநாள் தறியில் இருந்தபோது மார்வலி வந்தது. மதராஸில் ரத்தத்தைச் சோதித்துக் கொழுப்பு அதிகம் என்றார்கள். யாரிடமும் கொழுப்பாக ஒரு வார்த்தை பேசாதவருக்கு இப்படி ஒரு வியாதி. நெய், தேங்காய், முட்டை, கறி எல்லாவற்றையும் டாக்டர் நிறுத்தினார். மாத்திரை போட்டால் சற்று நேரத்தில் முகம் சிவந்து எரியும். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவார். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

அடுத்த அமாவாசைக்கு அண்ணியும் தூக்குவாளியோடு கூடவே வந்தார். என் வீட்டு இலையில், அவர் செய்துவந்த கோதுமை உப்புமாவை அண்ணன் சாப்பிட்டார். என் பொங்கல் அடுப்படியிலேயே ஆறியது.

நான் விட்டேனா? என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போய், எது ஆகும், எது ஆகாது என்று கேட்டுவந்தேன். கொழுப்புக்கு ஆகும் என்று அவர் சொன்ன குசும்பா எண்ணெயை மதராஸிலிருந்து வரவழைத்தேன். பத்தியச் சமையலை மாதக்கணக்கில் பழகி, ஓர் அமாவாசையன்று அண்ணியின் தூக்குவாளியைத் திறக்கவே விடாமல் பரிமாறினேன். அண்ணன் ரசித்துச் சாப்பிட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குதும்மா. உங்க அண்ணி கைப்பக்குவம் அப்படியே வந்துடுச்சு" என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தியம் வீண்போகவில்லை. கொழுப்பு குறைந்தது, மறுபடி தறியில் உட்கார்ந்தார், பிள்ளைகளின் கல்யாணத்தைக் கண்குளிரப் பார்த்தார். போன ஆண்டு தூக்கத்திலேயே போய்விட்டார். அத்தனை வருஷம் கட்டிக்காத்தது அண்ணிதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நியாயம்தான். நியாயம் என்பதற்காகப் பொறாமை குறைந்துவிடுமா?

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், தோள் கொடுத்த தறிக்காரர்களுக்கும், தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். படையலைப் பற்றிப் பேசியபோது என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பொங்கல நீயே ஆக்கும்மா, நெய் ஊத்தி. கடைசி வரைக்கும் உன் பொங்கலத்தான் கேட்டுக்கினு இருந்தாரு. நான்தான் குடுக்கல."

நன்றி, அண்ணி. ஆனால் என் பொங்கல் வேண்டும் என்று அண்ணன் கேட்டதைக்கூட நீங்கள்தான் கேட்டிருக்கிறீர்கள். என் காதில் ஒரு தரம்கூட விழவில்லை.