முதலாளியின் வாட்ச்

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். பத்தாவதோடு படிப்பு நின்றவள், நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் இதை நம்பாவிட்டாலும் குற்றமில்லை.

போடியில் ஏலக்காய் மூட்டை சேர்த்துவைக்கும் ஒரு கிட்டங்கியில் பதினெட்டு வருஷமாகக் காய் தரம் பிரிக்கிறேன். முதலாளி ராவுத்தர் சரக்குப் பார்க்கும்போது முழங்கை வரைக்கும் மூட்டைக்குள் கையை விடுவார், அடியில் ஈரம் இருந்தால் கைக்குத்தான் தெரியும் என்பார். அதற்கு முன்னால் வாட்ச்சைக் கழற்றி என்னிடம் தருவார். சுவிட்சர்லாந்து வாட்ச், பேட்டரி கிடையாது, பக்கத்துக் குமிழைத் திருகிச் சாவி கொடுத்தால்தான் ஓடும். அவர் கையெல்லாம் தூசி என்பதால் நானே கொடுப்பேன். அந்தக் கம்பெனி தன் பாட்டனார் காலத்துக்கும் முந்தியது, அவர்களும் நம்மைப் போல மலைக்காரர்கள்தான், பனி மூடிய மாதங்களில் வீட்டுக்குள் உட்கார்ந்து வாட்ச் செய்யப் பழகியவர்கள், ஒவ்வொரு வாட்ச்சின் நம்பரும் இன்றைக்கும் அவர்கள் புத்தகத்தில் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்.

மூன்று மாதம் முன்பு அவர் காலமானார். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில், மேஜையில் கிடந்த வாட்ச்சுக்குப் பழக்கத்தில் நான் சாவி கொடுத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. அதை அவர் மகன் பார்த்துவிட்டார், தம்பி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

பிறகு அதை இரும்புப் பெட்டியில் வைத்தார்கள். கிட்டங்கியைத் திறப்பவள் நான் என்பதால் பெட்டிச் சாவியும் என்னிடம்தான். சாவி கொடுக்காவிட்டால் இரண்டு நாளில் நிற்கிற வாட்ச் அது. தம்பி வாரம் ஒருமுறை பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஓடிக்கொண்டே இருந்தது.

“அக்கா, ஆசைக்கு எடுத்துக் கட்டிப் பாத்திருந்தாச் சொல்லிருங்க. வெளிய சொல்ல மாட்டேன்,” என்றார்.

நான் தொடவில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் லோடு இறக்கும் கருப்பையா அண்ணன் சிரித்தார். “ஏலக்கா பொறுக்குற கைக்குச் சீமை வாட்ச் கேக்குதோ ஆத்தா?”

ஒரு காயைக்கூட முந்தானையில் முடிந்து கொண்டுபோகாதவள் நான். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பி வாட்ச்சை வீட்டுக்குக் கொண்டுபோய், நிற்கும் வரை வைத்திருந்து, சனிக்கிழமை மத்தியானம் என் கண் முன்னாலும் கருப்பையா அண்ணன் கண் முன்னாலும் பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டிச் சாவியைத் தன்னோடு எடுத்துப்போனார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவரே திறந்தார். ஓடிக்கொண்டிருந்தது. நேரமும் சரியாக இருந்தது.

அதை என் உள்ளங்கையில் வைத்தார். தோல் பட்டையின் உள்பக்கம் ஈரம். இத்தனை வருஷம் காயில் ஈரம் பார்த்த கை, எனக்குத் தப்பாது, அப்போதுதான் கழற்றிய வியர்வை ஈரம். வெதுவெதுப்பு வேறு. கருப்பையா அண்ணன் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தம்பி அன்றைக்கே மதுரைக்குப் போய் ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் திறந்து பார்க்கக் கொடுத்தார். சாயங்காலம் போன் வந்தது.

“அக்கா, உள்ள ஸ்பிரிங்கு ரெண்டா ஒடஞ்சு கெடக்கு. ஒடஞ்ச எடத்துல துரு ஏறியிருக்கு. ரொம்ப மாசமா ஓடியிருக்கவே முடியாதுங்கறாரு.” பிறகு சொன்னார், “உங்களப் போயி நெனச்சிட்டேனே.”

என் பேர் தப்பித்தது. ஆனால் அந்த ஈரத்தை நான் சேலையில் துடைத்தேனே, அது யார் கை வியர்வை என்று இன்றைக்கு வரைக்கும் என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் தம்பி வாட்ச்சைத் திரும்பப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டிச் சாவியை என்னிடம் நீட்டினார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அன்றைக்குச் சரக்கு குறைவு, மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டேன்.