புகார் வராத என்ஜின்கள்

கார் என்ஜினை அறுத்துப் பாதியாக்கித் தருகிற வெற்றிச்செல்விக்கு, செய்த வேலை புகாரோடு திரும்பி வந்தால் கோபம் வராது. புகார் வராவிட்டால்தான் சந்தேகம் வரும். தமிழ்மாறன் விஷயத்தில் அப்படித்தான் ஆயிற்று.

பெரம்பலூரில் துறையூர் சாலையில் அவளுடைய லேத் பட்டறை இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் பருத்திக்காட்டில் கூலிக்குப் போனவர்கள். இவள் ஐடிஐயில் டர்னர் படித்தாள். திருச்சியில் ஒரு கம்பெனியில் சில வருஷம் இரும்பு கடைந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு இங்கே சொந்தமாகப் பட்டறை போட்டாள். முதலில் டிராக்டர் வேலைதான் வந்தது. ஒருநாள் வெங்காயக்காட்டுக்காரர் ஒருவர் காயலான் கடையில் கிடந்த கார் என்ஜினைக் காட்டி, "மருந்தடிக்கிற வண்டிக்கு இதுல பாதி போதும்மா" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு சிலிண்டர் கொண்ட இரும்பு உடம்பை, பிளாக்கை, நடுவில் அறுத்தாள். கிராங்க் தண்டையும் அறுத்து, பிளைவீல் சக்கரம் மாட்ட அதன் முனையில் புதிதாக முகம் கடைந்தாள். இரண்டு பிளாக் உடைந்து வீணாயின. மூன்றாவது ஓடியது. ஆனால் சத்தம் சீராக இல்லை. அடுத்தடுத்து இரண்டு அடி, பிறகு ஒரு இடைவெளி, விந்தி நடக்கிற ஆட்டைப்போல. 'நொண்டி என்ஜின்' என்று பேர் விழுந்தது. கரண்ட் இல்லாத கிணறுகளில் தண்ணீர் இறைக்க அவளிடம் என்ஜின் கேட்டு வந்தார்கள்.

வாங்கிப் போனவர்கள் எல்லாரும் ஒரு போகம் முடிவதற்குள் திரும்பியும் வந்தார்கள். அறுத்த முகத்தை மூடிய தகட்டின் ஓரம், என்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர் கசியும். அதற்கு அவளிடம் மருந்து இல்லை. இறுக்கி அனுப்புவாள், மறுபடி கசியும்.

தமிழ்மாறன் மட்டும் வரவில்லை. வெள்ளைச்சட்டை, பணிவான பேச்சு, சின்ன வயசு. அரும்பாவூரில் கிணறு என்று சொல்லி இரண்டு என்ஜின் வாங்கிப் போனவன், மூன்றாவது கேட்டு வந்து நின்றான்.

"முதல்ல வாங்குனதெல்லாம் எப்படி ஓடுதுங்க தம்பி?"

"ஒரு கொறையும் இல்லக்கா."

"தண்ணி கசியலயா?"

"இல்லக்கா." அவன் பார்வை அவள் முகத்தில் இல்லை, லேத்தில் இருந்தது. அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினாள்.

கசியாமல் இருக்க வழியே இல்லை என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் சொன்னபோது கணவன் அறிவரசன் சிரித்தான். அவன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். "நல்லா ஓடுதுங்கிறான், அதுலயும் சந்தேகமா? கோயில் பிரசாதத்தையே மோந்து பாத்துட்டுத் திங்கிற ஆளு நீ."

அவள் அரும்பாவூருக்கு பஸ் ஏறினாள். உரக்கடையில் விசாரித்தாள். "அப்படி யாரும் இங்க கெடையாதும்மா. நொண்டி என்ஜின் ஓடுனா எங்க காதுல விழாதா?" என்றார் கடைக்காரர்.

அடுத்து, என்ஜினை ஏற்றிப்போன குட்டியானை வேன் டிரைவர் தர்மனைப் பிடித்தாள். அவன் முதலில் மழுப்பினான். "யார்ட்டயும் சொல்லாதன்னாருக்கா. நீங்க கேக்குறீங்களேன்னு சொல்றேன். கீழப்பழுவூர்லதான் எறக்குனேன்."

கீழப்பழுவூர் என்றதும் அவளுக்கு ஆற்று ஞாபகம்தான் வந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் கொள்ளிடம். ஆற்றில் மணல் உறிஞ்சத்தான் என்ஜின் போகிறது என்று முடிவே கட்டிவிட்டாள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் தன் என்ஜின் கிடப்பதுபோலவும், அதில் இருக்கிற வெல்டிங் தழும்பைப் பார்த்தே ஊர் முழுக்கத் தன் பேரைச் சொல்வதுபோலவும் மனதுக்குள் ஓடியது. இந்தத் தடவை அறிவரசன் சிரிக்கவில்லை. லாரிக்கு லீவு சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான்.

தர்மன் சொன்ன அடையாளத்தில், ஒரு புளியமரத்தை ஒட்டிப் புதுத் தகரக் கொட்டகை நின்றது. உள்ளே போனார்கள். அவளுடைய என்ஜின் ஒன்று கடைசி போல்ட் வரைக்கும் பிரிக்கப்பட்டுச் சாக்கின்மேல் பரப்பிக் கிடந்தது. பக்கத்தில் வேறொரு பிளாக், அறுக்க வேண்டிய இடத்தில் சாக்பீஸ் கோட்டோடு. முழங்கை வரை கிரீஸோடு தமிழ்மாறன் எழுந்து நின்றான்.

"தொழில் பழகுறியா?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்தான். "கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பீங்களாக்கா?"

"மாட்டேன்."

"அதாங்க்கா."

அறிவரசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணல் இல்லை, போலீஸ் இல்லை என்று வெற்றிச்செல்விக்கு நிம்மதி வந்தது. அது நிலைப்பதற்குள் கோபம் ஏறியது. தான் இரண்டு பிளாக்கை உடைத்துக் கற்றதை இவன் ஒரு சாக்கை விரித்துக் கற்றுக்கொண்டிருக்கிறான். திட்ட வாயெடுத்தாள். அப்போதுதான் சாக்கின் ஓரத்தில் சிவப்பாக ஒன்று கண்ணில் பட்டது.

"அது என்னது?"

"செம்புத் தகடு. சூடு பண்ணி ஆறவச்சு, மூடுற தகட்டுக்கு அடியில குடுத்திருக்கேன். கசியாது."

"கசியவே இல்லன்னியே?"

"கசிஞ்சிச்சுக்கா. உங்ககிட்ட கொண்டாந்தா, பிரிச்சது தெரிஞ்சு போயிடும்ல. அதான் நானே வழி தேடுனேன்."

அவள் குனிந்து தகட்டை எடுத்தாள். கனத்தை விரலால் தடவிப் பார்த்தாள். வைத்துவிட்டு வெளியே வந்தாள். வருகிற வழியில் அரியலூரில் பைக்கை நிறுத்தச் சொல்லி, பாத்திரக்கடையில் செம்புத் தகடு வாங்கினாள். அறிவரசன் ஏதோ சொல்ல வந்தான். அவள் பார்த்த பார்வையில் வண்டியைக் கிளப்பினான்.

அதன்பிறகு அவள் என்ஜின்கள் கசியவில்லை. மூன்றாவது என்ஜினைக் கேட்டு தமிழ்மாறனும் வரவில்லை. கீழப்பழுவூர்ப் பக்கத்துக்காரர்கள் அவனிடமே போனார்கள். அது அவளுக்கு உறுத்தத்தான் செய்தது.

போன மாசம் ஒரு ஆள் மூன்று சிலிண்டர் என்ஜினோடு வந்து இறங்கினார். அதை ஒற்றை சிலிண்டராக்க வேண்டுமாம்.

"கீழப்பழுவூர்த் தம்பிதாங்க அனுப்புனாரு. இது அக்கா கையால மட்டுந்தான் ஆவும்னாரு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளுக்குள் ஒரு நிமிஷம் பூரித்தும் போனாள். மறு நிமிஷமே, இதையும் வாங்கிப் பிரித்துப் பார்க்கத்தான் ஆள் அனுப்புகிறானோ என்று குடைய ஆரம்பித்தது.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"ஏலாக்குறிச்சி."

"வச்சிட்டுப் போங்க. சொல்லி அனுப்புறேன்."

மறுநாள் காலை அந்த ஊர் மாதா கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு பஸ்ஸில் இடம் பிடித்து ஏலாக்குறிச்சிக்குப் போனாள். அந்த ஆளுக்கு அங்கே வீடும் காடும் உண்மையாகவே இருக்கின்றன என்று இரண்டு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்த பிறகுதான் பிளாக்கில் கை வைத்தாள்.