ரெக்கோவுக்குக் கடைசி இடம்

கௌசிகன் லக்சனை முதலில் கண்டது ஒரு வியாழக்கிழமை பின்னேரம், பலெர்மோ நகரின் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் ஏர்னஸ்ற் அண்ணையின் தமிழ்க்கடையில். வீட்டோடு தங்கி வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. தலைமயிர் வெட்டுவது, மிளகாய்த்தூள் வாங்குவது, ஊருக்கு ஆறுதலாகக் கதைப்பது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். அந்தப் பொன்னான நேரத்தில் ஒருவன் அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு தொலைபேசியில் இத்தாலியனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். அவளுடைய சாட்டைக்கு முன்னால் அவனுடைய உதையெல்லாம் ஒரு உதையா, செத்தாலும் அவனை நாலாம் இடத்துக்கு மேலே ஏற்ற மாட்டேன் என்று நின்றான்.

ஏதோ குடும்பத் தகராறு என்று கௌசிகன் பருப்பை எடுத்தான்.

"பயப்பிடாதையும். அவன் தன்ர முதலாளியோட கதைக்கிறான்" என்றார் ஏர்னஸ்ற்.

"முதலாளியோட இப்பிடியே கதைக்கிறது?"

"கதைச்சாத்தான் அந்த மனுசன் சாப்பிடும். அது பெரிய கதை."

பெரிய கதை என்றாலும் லக்சன் அதைச் சுருக்கமாகவே சொன்னான். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடம், அதன் நாலாம் மாடி. அங்கே சல்வோ என்று ஒருவர், நாற்பது தாண்டியவர். மோட்டார் சைக்கிளில் விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சின்யோரா, அதாவது வீட்டு அம்மா, அவருடைய தாய். அவருக்கும் வயதாகிவிட்டது. தூக்க, கழுவ, உடுப்பு மாற்ற லக்சன். மிச்ச நேரம் முழுக்க 'அயன் ஹார்பர்'. அது சல்வோ சிறுவனாக இருந்த காலத்தில் கடைகளில் காசு போட்டு விளையாடிய சண்டைக் கேம். நாலு பாகம் வந்து நின்றுபோனது. பதினெட்டுச் சண்டைக்காரர்கள். அவர்களில் யார் முதலாவது, யார் இரண்டாவது என்பதுதான் அந்த வீட்டில் காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும்.

"எனக்குக் கலியாணம் பேசி ரெண்டு தரம் தள்ளிப்போட்டாச்சு தம்பி" என்றான் லக்சன். "மூண்டாந்தரம் நாள் வைச்சிருக்கினம். இதையும் தள்ளினா பொம்பிளை வீட்டுக்காரர் வேற இடம் பாப்பினம். பொம்பிளை கேசிகாவே சொல்லிப்போட்டாள். ஒரு மாசம் ஆள் மாத்தி நிக்க ஏலுமே?"

ஊருக்குப் போகிறவன் தன் இடத்தில் இன்னொரு தமிழனை விட்டுவிட்டுப் போவது இங்கே எல்லோருக்கும் பழகிய வழி. நிற்க வந்தவன் நடுவில் ஓடிவிட்டால் போனவனின் வேலை போகும். வேலை போனால் ஒப்பந்தம், ஒப்பந்தம் போனால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி, பிறகு குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வாசலில் முதலிலிருந்து வரிசை. லக்சனுக்குப் பதிலாக முன்பு நின்று பார்த்த மூன்று பேரையும் சல்வோ ஒரு கிழமைக்குள் கலைத்துவிட்டார்.

கௌசிகன் மாங்குளத்துக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பிள்ளை. அந்தக் கிராமத்திலிருந்து யாழ்ப்பாணம் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள். புவியியல், இரண்டாம் வகுப்பு மேல்நிலை. பலெர்மோவில் அந்தப் பட்டம் பெட்டிக்குள் பொலித்தீன் உறையோடு கிடந்தது. அன்றைக்கு அவனுக்கு வேலையும் இல்லை, ஒரு மனிதனின் கலியாணத்தைத் தடுக்கும் மனமும் இல்லை. ஓமென்றான்.

சல்வோ ஆளைப் பார்த்துத் தெரிவு செய்ய இருந்த நாளன்று படி ஏறும்போதே லக்சன் சொல்லிக்கொடுத்தான். "போனவுடன கேப்பார், உன்ர முதல் அஞ்சு பேர் ஆர் எண்டு. அவருக்கு முதலாவது ரெக்கோ, உதைகாரன். ரெண்டாவது ஓபால், சாட்டை. மூண்டாவது டொங்கா, மலை மாதிரி இருப்பான், பிடிச்சா விடான். நாலாவது இரட்டைக் கத்தி நீனா. அஞ்சாவது குருடன் பாஸ்கோ. விளங்குதே?"

"காரணமும் கேப்பாரோ?"

"கேப்பார்."

காரணங்களையும் மிச்சப் பதின்மூன்று பேரையும் கேட்டு வாங்கிக்கொண்டான். பரீட்சைக்குப் பாடமாக்கியே பல்கலைக்கழகம் போனவனுக்கு இது எம்மாத்திரம். நாலாம் மாடிக் கதவு திறக்கும்போது பதினெட்டுப் பேரும் மனப்பாடம்.

சல்வோ சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவனை ஏற இறங்கப் பார்த்தார். அகன்ற தோள், நரைத்த தாடி, மடியில் கேம் பிடி. கேட்டார். கௌசிகன் ஒன்று இரண்டு மூன்று என்று காரணத்தோடு ஒப்புவித்தான். சின்யோரா கையைக் கோத்துக்கொண்டு, படித்த பிள்ளை, நல்ல பிள்ளை என்றார். சல்வோ லக்சனைப் பார்த்தார். விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. லக்சன் போய்விட்டான்.

முதல் இரண்டு நாளும் கௌசிகன் தன்னை மெச்சிக்கொண்டான். வீட்டுவேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எல்லோரும் அவனுக்குச் சொன்ன புத்தி ஒன்றுதான்: அவையள் என்ன சொன்னாலும் சீ, சீ எண்டு, இத்தாலியனில ஓம், ஓம் எண்டு சொல்லு. ஓபாலை மூன்றாவதாக்கலாமா என்று சல்வோ கேட்டபோது சீ என்றான். வேண்டாம், இரண்டாவதாகவே இருக்கட்டும் என்றபோதும் சீ என்றான். ரெக்கோவின் சுழல் உதையைவிட அழகான அடி உலகத்தில் உண்டா என்றபோது, இல்லவே இல்லை என்றான். சல்வோ கேம் பிடியை மடியில் வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அவர் சாப்பிடவில்லை.

அந்த வீடு அவனை அழுத்தத் தொடங்கியதும் அப்போதுதான். லக்சனின் அறை குசினிக்குப் பின்னால் இருந்தது. அதன் யன்னலைத் திறந்தால் எதிரே கட்டடத்தின் உள்சுவர். கீழே எட்டிப்பார்த்தால் தண்ணீர்க் குழாய்கள். சின்யோரா பூசைக்கோ சந்தைக்கோ போகும்போது கள்ளருக்குப் பயந்து அந்த இரும்புக் கதவை வெளியிலிருந்து பூட்டுவார். திறப்பு பூட்டுக்குள் சுழலச் சுழல உள்ளே கம்பிகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் குசினி வரை வரும். உள்ளே அவனும் சல்வோவும். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஒருதரம் கேட்டுப்பார்த்தான்.

"லக்சன் ஆறு வருசம் இருந்தான். தீப்பிடிக்கேல்லை" என்றார் சின்யோரா.

சல்வோவும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு தரம்தான் கீழே இறங்கினார், அதுவும் ஆஸ்பத்திரிக்கு. அந்தக் காலத்து லிஃப்ட். நாற்காலி உள்ளே போகாது. நாலு பேர் சேர்ந்து படியால் தூக்க வேண்டும். தூக்கும்போது மாடிக்கு மாடி கதவைத் திறந்து சனம் பார்க்கும். அதனால் அவராகக் கீழே போகக் கேட்பதே இல்லை.

நாலாம் நாளும் தட்டு தொடாதபடியே திரும்பி வந்தது. சின்யோரா குசினிக்குள் நின்று தொலைபேசியில் அழுதார். யாரோடு கதைக்கிறார் என்று கௌசிகனுக்கு உடனே விளங்கியது. கொஞ்ச நேரத்தில் அவனுடைய தொலைபேசி அடித்தது. கிளிநொச்சியில் லக்சனுக்குப் பின்னால் நாதஸ்வரக்காரரோடு யாரோ பேரம் பேசும் சத்தம் கேட்டது.

"தம்பி, திரும்பி வரச் சொல்லுறா. வராட்டி வேற ஆள் பாக்கிறாவாம். அங்க என்ன நடக்குது?"

"எனக்குத் தெரியேல்லை அண்ணை. நான் ஒண்டுக்கும் மறுத்துக் கதைக்கேல்லை. எல்லாத்துக்கும் ஓமெண்டுதான் சொல்லுறன்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "அதுதான்ரா பிழை. நான் படிப்பிச்சது பிழை. உள்ள எடுக்கிறதுக்காகத்தான் அவற்ற பட்டியலைச் சொல்லித் தந்தனான். பேந்து உன்ரயைச் சொல்லுவாய் எண்டு நினைச்சன். அந்த மனுசனுக்கு நாள் முழுக்க ஆர் மறுத்துக் கதைக்கினம் சொல்லு? தாய் ஓமெண்டுவா, டொக்டர் ஓமெண்டுவார், தமையன் ஞாயிறில வந்து கேக்கோட ஓமெண்டிட்டுப் போவான். நான் ஒருத்தன்தான் சண்டை பிடிக்கிறது."

"அண்ணை, எனக்கு அந்தக் கேமில ஒருத்தரையும் பிடிக்கேல்லை."

"பிடிக்காததைச் சொல்லன்."

கௌசிகன் கேட்டான்: "நீங்கள் ஆறு வருசம் எப்பிடி அண்ணை இதுக்குள்ள இருந்தனீங்கள்? ஒருநாளும் விட்டிட்டு ஓட நினைக்கேல்லையே?"

"அடிச்சா ஓடலாம்" என்றான் லக்சன். "அந்த மனுசன் அடிக்கேல்லையே. நான் வியாழக்கிழமை வெளியில போட்டு வரப் பிந்தினா அது யன்னலடியில வழி பாத்துக்கொண்டிருக்கும். அதை விட்டிட்டு எப்பிடி ஓடுறது, சொல்லு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். அது மட்டும் பிடிச்சு வை தம்பி."

சின்யோரா அன்று மத்தியானம் மருந்துக்கடைக்குப் போனார். கம்பிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கௌசிகன் கேம் பெட்டியைப் போட்டு, பதினெட்டு முகங்களும் வரிசையாக நிற்கும் இடத்தில் நிறுத்தினான். சல்வோ திரும்பவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தபோது அவனுக்கு முதலில் வந்தது எரிச்சல். அவ்வளவு எரிச்சல் தனக்குள் இருந்தது அவனுக்கே தெரியாது.

"ரெக்கோ கடைசி" என்றான்.

கௌசிகன் திரையில் ரெக்கோவின் முகத்தை விரலால் தட்டினான்.

"பதினெட்டாவது. பத்தொன்பது பேர் இருந்தால் பத்தொன்பதாவது."

நாற்காலியின் ஒரு சில்லு மெதுவாகத் திரும்பியது. "என்ன சொன்னாய்?"

"அவன் என்னத்துக்கு எப்ப பாத்தாலும் பாயிறான்? ஒருத்தன் நிண்ட இடத்தில நிண்டு கதைச்சா வாற பிரச்சினை எல்லாத்துக்கும் இவன் பாயிறான். பாஞ்சு போட்டு முடியைக் கோதுறான். எங்கட பல்கலைக்கழகத்திலயும் இப்பிடி ஒருத்தன் இருந்தவன். தேர்தல் கேட்டான். தோத்தான்."

தேர்தலுக்கு இத்தாலியனில் சரியான சொல் வரவில்லை. கையை உயர்த்திக் காட்டினான். சல்வோவின் கழுத்தில் நரம்பு புடைத்தது.

"ரெக்கோ இல்லாட்டி இந்தக் கேமே இல்லை. தெரியுமோ உனக்கு? போன கிழமை நீதானே அவனை முதலாவதா வைச்சது."

"அது உங்கட பட்டியல். நான் பாடமாக்கிக்கொண்டு வந்தது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. சல்வோ நாற்காலியை முழுதாக அவன் பக்கம் திருப்பினார்.

"அப்ப உன்ர முதலாவது ஆர்?"

கௌசிகன் திரையைப் பார்த்தான். கடைசி வரிசையின் மூலையில் லாந்தர் நின்றான். கையில் விளக்குத் தடியோடு வெளிச்சவீட்டுக் கிழவன். ஒருவரும் எடுக்காத ஆள். அவனுக்குப் பாயவே வராது.

"லாந்தர்."

சல்வோ சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து அவன் கேட்டது அதுதான் முதல்தரம். நல்ல சிரிப்பில்லை, கேவலப்படுத்துகிற சிரிப்பு. "லாந்தரோ? அவனை மூலைக்குள்ள தள்ளினாச் சரி. பேந்து வெளியில வரமாட்டான். சின்னப் பிள்ளையளும் அவனை அடிக்கும்."

"மூலைக்குள்ள விட்டு அடிச்சுப் பாருங்கோ."

"நீ எனக்கு விளையாட்டுச் சொல்லித் தாறியோ?"

"கதையை விட்டிட்டு எடுங்கோ."

முதல் ஆட்டத்தில் ரெக்கோ லாந்தரை மூலையில் வைத்து மிதித்துத் தள்ளினான். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் கௌசிகன் ஒன்றும் செய்யாமல் தடியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றான். அடி விழுந்துகொண்டே இருந்தது, உயிர்க்கோடு தேய்ந்துகொண்டே போனது, கிழவன் விழவில்லை. சுழல் உதைக்காக ரெக்கோ பாய்ந்த நேரம் விளக்கை ஒருதரம் மேலே தூக்கினான். ரெக்கோ மல்லாந்தான். அந்த ஆட்டத்திலும் கடைசியில் சல்வோதான் வென்றார். ஆனால் வாய் ஓயவில்லை: அது தற்செயல், அது தடியின் நீளம், மூன்றாம் பாகத்தில் அந்த அடியே கிடையாது, லக்சன்கூட லாந்தரைப் பதினைந்துக்கு மேலே வைத்ததில்லை. கௌசிகன் ஒவ்வொன்றுக்கும் மறுப்புச் சொன்னான். தெரிந்ததற்கும் சொன்னான், தெரியாததற்கும் சொன்னான். சின்யோரா திரும்பி வந்து கதவைத் திறந்தபோது இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழாத குறை. மேசையில் பாஸ்தாத் தட்டு வெறுமையாகக் கிடந்தது. எப்போது சாப்பிட்டார் என்று கௌசிகனும் கவனிக்கவில்லை.

சின்யோரா தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். கிளிநொச்சிக்கு அதற்குப் பிறகு அழைப்புப் போகவில்லை.

ஞாயிறு விடியப் பலெர்மோவில் முகூர்த்தம் தொலைபேசியில் தெரிந்தது. கல்யாண மண்டபத்தில் யாரோ ஒரு பெடியன் பிடித்துக்கொண்டு நின்றான், படம் ஆடியது. பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக லக்சன். பக்கத்தில் கேசிகா, குனிந்த தலை நிமிராமல் ஐயர் சொன்னதைச் செய்துகொண்டிருந்தாள். லக்சன் இடைக்கிடை தொலைபேசிப் பக்கமே பார்த்தான்.

"என்னையோ பாக்கிறான்?" என்றார் சல்வோ.

"ஓம். நீங்கள் சாப்பிட்டியளோ எண்டு பாக்கிறார்."

"சாப்பிட்டாச்செண்டு சொல்லு. அந்தப் பிள்ளையைப் பாக்கச் சொல்லு."

கௌசிகன் சொன்னான். மேளச் சத்தத்தில் அங்கே அது கேட்டிருக்காது. தாலி கட்டி முடிந்ததும் படம் நின்றுபோனது. அப்படியே உறைந்த படத்தைச் சல்வோ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இனி அவளை இங்க கூப்பிடப் பாப்பான்" என்றார். "கூப்பிட்டா வேற வீடு பாப்பான்." கௌசிகனுக்கு மறுத்துச் சொல்ல வரவில்லை. அன்றைக்கு அவர்கள் விளையாடவில்லை.

மிச்ச நாட்களும் சண்டையோடு போயின. வியாழன்களில் கௌசிகன் வெளியே போனான். ஆனால் ஏர்னஸ்ற் அண்ணையின் கடையில் நின்று மிளகாய்த்தூள் விலை கேட்டுக்கொண்டிருக்கும்போதே, லாந்தரைப் பற்றி அவர் காலையில் சொன்னதற்கு ஒரு பதில் வாய்க்கு வந்துவிடும். தொலைபேசியை எடுப்பான். எடுத்த பிறகு, தானும் ஒரு அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு நிற்பது தெரியும்.

லக்சன் சொன்ன நாளில் வந்தான். கழுத்தில் புதுச் சங்கிலி, கையில் பலகாரப் பொதி. கதவடியில் பெட்டியை வைக்க முதலே உள்ளே இருந்து குரல் வந்தது.

"இவன் ரெக்கோவைக் கடைசியில போட்டவன். நீ என்ன சொல்லுறாய்?"

"கடைசியோ? விசரே இவனுக்கு" என்று சொல்லிக்கொண்டே லக்சன் சப்பாத்தைக் கழற்றினான். கௌசிகனைப் பார்த்துத் தலையை ஆட்டினான். தோளைப் பிடித்து ஒருதரம் இறுக்கினான். பிறகு உள்ளே போனான். கௌசிகன் படியிறங்கும்போது மூன்றாம் மாடி வரை அவர்களுடைய சத்தம் கேட்டது.

இது நடந்து ஒரு வருசமாகிறது. லக்சன் இன்னும் அதே நாலாம் மாடியில், குசினிக்குப் பின்னால் உள்ள அறையில் இருக்கிறான். கேசிகாவை இத்தாலிக்குக் கூப்பிட அரசாங்கத்துக்குத் தனி வீடு காட்ட வேண்டும். வீட்டோடு வேலை செய்கிறவனுக்குத் தனி வீடு இல்லை. அவள் கிளிநொச்சியில் தாயோடு இருக்கிறாள். கௌசிகன் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறான்.